மேலே நீந்தும் மஞ்சள் வால்கள்

சிரம்பான் நகரத்து உணவுக்கடைகளில் காலை வேளையில் மீன் உருண்டைச் சூப்பு விற்பதைக் காணலாம். வெள்ளை நிறத்தில், கடித்தால் பல்லுக்கு எதிராகத் துள்ளும் அந்த உருண்டை எந்த மீனிலிருந்து வந்தது என்பதைக் கிண்ணத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தலை இல்லை, வால் இல்லை, முள்ளும் இல்லை. மீன் உருண்டை செய்வோர் பல வகை மீன்களைப் பயன்படுத்துகின்றனர். உடல் நீண்டு வாள் போலிருக்கும் பாராங் மீன் அவற்றுள் ஒன்று. மலாய் மொழியில் டெலா என்று அழைக்கப்படும் மஞ்சள்வால் மீன் மற்றொன்று.

சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு டெலா மீன் புதியதன்று. சந்தையில் பனிக்கட்டிமேல் கிடத்தப்பட்டிருக்கும் அதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால், அது உயிரோடு இருக்கும்போது எங்கே வாழ்கிறது, என்ன செய்கிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் வீடு பவளப்பாறை. அங்கே அது செய்யும் வேலையோ, சூப்புக் கிண்ணத்தில் கிடைக்கும் சுவையைவிடப் பன்மடங்கு பெரியது.

டெலாவின் உடல் நீல நிறம். முதுகின் பின்பகுதியும் வாலும் பளிச்சென்ற மஞ்சள். பெரும்பாலும் ஒரு முழ நீளத்துக்குள் அடங்கிவிடும். இந்த மீனுக்கு 1791ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டியவர் புளோக் என்னும் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர். அவர் வைத்த பெயரில் ‘கூனிங்’ என்னும் சொல் இருக்கிறது. மஞ்சள் என்பதற்கான மலாய்ச் சொல்தான் அது. இந்த வட்டாரத்து மீனவர்கள் சொன்ன பெயரே ஐரோப்பிய நூலுக்குள் ஏறி, இன்றுவரை உலகெங்கும் வழங்கி வருகிறது. இதன் உறவு மீன்கள் சிலவற்றை மலாய்க்காரர்கள் ‘பீசாங் பீசாங்’ என்பார்கள். வாழைப்பழம் போல நடுவில் பருத்து, இரு முனையும் கூர்ந்த உடலைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும்.

டெலாவின் நெருங்கிய உறவினர்களில் ஒன்று, சந்தையில் நல்ல விலை போகும் இக்கான் மேரா. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உறவு இருப்பதாக நம்புவது கடினம். இக்கான் மேராவுக்குப் பருத்த தாடையும் கூரிய பற்களும் உண்டு. அது நண்டையும் சிறு மீனையும் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன். டெலாவின் வாயோ சிறியது. ஆனால், மேல்தாடை முன்னோக்கி நீளக்கூடியது. ஓர் இரையைக் கண்டதும் வாய் குழாய் போல நீண்டு, இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. அந்த இரை, கண்ணுக்கு அரிதாகத் தென்படும் மிதவை உயிரிகள்.

கடல்நீரில் தாமாக நெடுந்தூரம் நீந்த இயலாமல் நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து செல்லும் உயிர்களுக்குப் பிளாங்டன் அல்லது மிதவை உயிரிகள் என்று பெயர். இறாலின் தூரத்து உறவினர்களான நுண்ணிய உயிர்கள், நண்டின் குஞ்சுகள், மீன் முட்டைகள், பவளத்தின் இளம் உயிர்கள் எல்லாம் இக்கூட்டத்தில் அடங்கும். ஒரு குவளைக் கடல்நீரை எடுத்துப் பார்த்தால் அவற்றில் ஒன்றுகூடத் தென்படாமல் போகலாம். ஆனால், பவளப்பாறையைக் கடந்து நாள் முழுவதும் ஓடும் நீர் கொஞ்சநஞ்சமன்று. அத்தனை நீரும் சுமந்துவரும் மிதவை உயிரிகளைச் சேர்த்துப் பார்த்தால் அது பெரும் உணவுக் குவியல்.

இந்த உணவு ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய புதிரைப் பார்க்க வேண்டும். சார்லஸ் டார்வின் தம் கடற்பயணத்தின்போது 1836ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடலிலுள்ள கோக்கோஸ் தீவுகளுக்கு வந்தார். பவளப்பாறைகள் உருவாகும் விதத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1842இல் வெளிவந்தது. வெப்பமண்டலக் கடல்நீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்துகள் மிகக் குறைவாக இருப்பதே. நிலத்தோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய பாலைவனம். ஆனால், அந்தப் பாலைவனத்தின் நடுவே பவளப்பாறை ஒரு மழைக்காடு போலச் செழித்து நிற்கிறது. கடலடித் தரையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகள், கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வாழ்விடமாக உள்ளன. ஏழை நீரில் இவ்வளவு செல்வம் எப்படிச் சேர்ந்தது? இதற்கு ‘டார்வின் புதிர்’ என்றே அறிவியலாளர்கள் பெயர் வைத்துவிட்டனர்.

புதிருக்கு விடை ஒன்றல்ல. பவளத்தின் உடலுக்குள்ளேயே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கு ஊட்டுகின்றன. இது விடையின் பெரும்பகுதி. ஆனால், பாசிக்கும் நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். அவை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். செம்பனைத் தோட்டமாக இருந்தால் உர மூட்டைகள் லாரியில் வந்து இறங்கும். பவளப்பாறைக்கு லாரி ஏது? அந்த வேலையைச் செய்பவை, பாறைக்கு மேலே கூட்டங் கூட்டமாக நீந்தும் மீன்கள்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வில்லியம் ஹாம்னர் என்னும் அமெரிக்க உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1988ஆம் ஆண்டில் வெளியானது. நீரோட்டம் பாறையை நோக்கி வரும் பக்கத்தில், மிதவை உயிரிகளை உண்ணும் மீன்கள் ஆயிரக்கணக்கில் வரிசைகட்டி நிற்பதை அவர்கள் கண்டனர். மீன்கள் எல்லாம் நீர் வரும் திசையை நோக்கி முகம் வைத்திருந்தன. பகல் நேரத்தில், நீர் பாறையைத் தொடுவதற்கு முன்பே அதிலிருந்த மிதவை உயிரிகளைப் பெரும்பாலும் அந்த மீன்கள் உண்டு முடித்திருந்தன. இந்த மீன் திரளுக்கு ஆய்வாளர்கள் ‘வாய்களின் சுவர்’ என்று பெயரிட்டனர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது பாறைக்கு வரவேண்டிய உணவை வழியிலேயே பறித்துக்கொள்ளும் கொள்ளைக்கூட்டம் போலத் தோன்றலாம். உண்மையில் நடப்பது வேறு.

உண்ட மீன் கழிவையும் வெளியேற்றும். டெலா கூட்டம் ஒன்று பாறைக்கு மேலே திரியும்போது, அதன் கழிவு மெல்லிய தூறல் போலக் கீழே இறங்குகிறது. சொல்வதற்குச் சற்று அருவருப்பாக இருந்தாலும் பவளப்பாறையின் செழிப்பில் இந்தத் தூறலுக்குப் பங்குண்டு. மேற்குப் பசிபிக்கிலுள்ள பாலாவ் தீவுகளில் ராஸ் ராபர்ட்சன் என்னும் ஆய்வாளர் இதைக் கூர்ந்து கவனித்து 1982இல் எழுதினார். மிதவை உயிரிகளை உண்ணும் மீன்களின் கழிவைப் பிற மீன்கள் ஓடிவந்து உண்பதையும், அதில் பெரும்பங்கு அடித்தரையைச் சேர்வதற்கு முன்பே காணாமல் போவதையும் அவர் பதிவு செய்தார். பாசி தின்னும் மீன்களும் அதை விரும்பி உண்டன. அவற்றின் கழிவு மீண்டும் வேறோர் உயிருக்கு உணவாகிறது. எஞ்சியது பாறை இடுக்குகளில் படிந்து, புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் போய்ச் சேருகிறது. திறந்த கடலில் மிதந்து, பாறையைத் தாண்டி ஓடிப்போக வேண்டிய சத்து இப்படித்தான் பாறையிலேயே தங்கிவிடுகிறது.

செம்பனைத் தோட்டத்து வழக்கம் ஒன்றோடு இதை ஒப்பிடலாம். ஆலையில் பழங்களைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் வெற்றுக் குலைகளை வீணாக்குவதில்லை. அவற்றைத் திரும்பவும் தோட்டத்துக்கே கொண்டுவந்து மரங்களுக்கு இடையே பரப்புகிறார்கள். குலை மக்கி மண்ணோடு கலந்து மரத்துக்கே உரமாகிறது. ஒப்பீடு முழுமையானதன்று. தோட்டம் தன் மண்ணிலிருந்து போன சத்தைத்தான் திரும்பப் பெறுகிறது. பவளப்பாறையோ தனக்குச் சொந்தமில்லாத கடற்பரப்பின் சத்தையும் மீன்கள் மூலம் வரவழைத்துக்கொள்கிறது.

மீனின் கழிவு என்பது சாணம் மட்டுமன்று. மீனின் செவுள்கள் வழியாக அம்மோனியா ஓயாமல் நீரில் கலக்கிறது. அதிலுள்ள நைட்ரஜனைப் பவளத்துக்குள் வாழும் பாசிகள் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியும். கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில் நடந்த ஆய்வு ஒன்று 1983இல் வெளிவந்தது. மீன் கூட்டங்கள் பகலில் தங்கி ஓய்வெடுத்த பவளங்கள், மீன்கள் தங்காத பவளங்களைவிட வேகமாக வளர்ந்திருந்தன. அந்த மீன்கள் மிதவை உயிரிகளை உண்பவை அல்ல. இரவில் கடற்புல் வெளிக்குப் போய் இரை தேடுபவை. ஆனால், பாடம் ஒன்றுதான். வெளியே உண்டு, வீட்டுக்கு வந்து கழிக்கும் மீன், வீட்டை வளர்க்கிறது.

மாலை மங்கியதும் டெலா கூட்டம் கலைகிறது. பகலெல்லாம் நடுநீரில் ஓடியாடிய மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் பாறை இடுக்குகளில் புகுந்து உறங்குகின்றன. அப்போது அவற்றின் உடல் சிவந்த நிறத்துக்கு மாறுவதை இரவில் மூழ்குவோர் கண்டிருக்கிறார்கள். அவை இடத்தைக் காலி செய்ததும் வேறு மீன்கள் வேலைக்கு வருகின்றன. பெரிய கண்களையுடைய செந்நிற மீன்கள் பகல் முழுவதும் பொந்துகளில் இருந்துவிட்டு, இருட்டிய பின் வெளியே வந்து மிதவை உயிரிகளை உண்ணத் தொடங்குகின்றன. செனாவாங் தொழிற்சாலைகளில் பகல் வேலையாள் வெளியே வரும்போது இரவு வேலையாள் உள்ளே போவது போலத்தான் இதுவும். பவளங்களும் பெரும்பாலும் இரவில்தான் தம் சிறு கைகளை விரித்து இரை பிடிக்கின்றன.

உறங்கும் மீன்கூடப் பவளத்துக்கு உதவுகிறது என்றால் நம்புவது கடினம். கிளை கிளையாக வளரும் பவளங்களுக்குள் விரல் நீளமே உள்ள டாம்செல் மீன்கள் கூட்டமாக வாழ்கின்றன. இவையும் பகலில் மிதவை உயிரிகளை உண்பவையே. இரவில் பாசிகள் உயிர்வளியை உண்டாக்குவதில்லை. ஆகவே, பவளக் கிளைகளுக்கு இடையே உள்ள நீரில் உயிர்வளி குறைந்துகொண்டே வரும். செங்கடலில் எய்லாட் என்னும் இடத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, அங்கே உறங்கும் டாம்செல் மீன்கள் தம் துடுப்புகளை இரவு முழுவதும் அசைத்துக்கொண்டே இருப்பதைக் காட்டியது. விசிறி போன்ற அந்த அசைவால் வெளியிலுள்ள நல்ல நீர் கிளைகளுக்குள் வந்தது. மூச்சுத் திணற வேண்டிய பவளம் பிழைத்துக்கொண்டது. பவளம் மீனுக்கு வீடு தருகிறது. மீன் அந்த வீட்டுக்குக் காற்று வீசுகிறது.

பாறைக்கு இறங்கும் சத்தைப் போலவே, மேல்நோக்கிப் போகும் சத்தும் உண்டு. டெலாவைப் பிடித்து உண்ணப் பாரையும் சீலாவும் பாறையைச் சுற்றிக் காத்திருக்கின்றன. பாறையை விட்டு அதிகம் நகராத, மலேசியச் சந்தைகளில் கெராப்பு என விற்கப்படும் களவா மீனும் இதற்கு விலக்கல்ல. மாலத்தீவில் களவா மீன்களின் உடலை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அவற்றின் உணவில் பெரும்பகுதி இறுதியில் திறந்த கடலின் மிதவை உயிரிகளிலிருந்தே வந்திருப்பதாக 2021இல் அறிவித்தனர். களவா மிதவை உயிரிகளைத் தின்பதில்லை. அவற்றைத் தின்ற சிறு மீன்களைத் தின்கிறது. உணவகத்தில் கெராப்பு ஸ்டீம் கேட்பவர், தம்மை அறியாமலேயே இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிறார்.

இத்தனை வேலையும் செய்யும் மீன் ஏன் கூட்டமாகவே திரிகிறது? நடுநீரில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. தனியே நீந்தும் மீனைப் பாரை எளிதில் குறிவைத்துவிடும். நூற்றுக்கணக்கான மீன்கள் ஒரே உடல் போலத் திரும்பித் திரும்பி ஓடினால், எதைத் துரத்துவது என்று வேட்டை மீனுக்குக் குழப்பம் வரும். பக்கத்து மீனின் அசைவால் நீரில் எழும் அதிர்வை, உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு கண்டுகொள்கிறது. அதனால்தான் மோதிக்கொள்ளாமல் ஒருசேரத் திரும்ப முடிகிறது.

பாரையிடமிருந்து காப்பாற்றிய அதே பழக்கம் மனிதனிடம் டெலாவைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும் மீனை ஒரே வலையில் வாரிக்கொள்ளலாம் அல்லவா? ஜப்பானின் ஒக்கினாவாத் தீவு மீனவர்கள் இதற்கென்றே ஒரு முறையை வைத்திருந்தனர். அதன் பெயர் முரோ அமி. நீந்துவோர் பலர் வரிசையாக நின்று, கல் கட்டிய கயிறுகளைப் பாறைமேல் தட்டித் தட்டி மீன்களை வெருட்டி, விரித்து வைத்த வலைக்குள் ஓட்டுவார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒக்கினாவா மீனவர்கள் இந்த வட்டாரக் கடல்களில் இம்முறையைக் கையாண்டனர். பிடிபட்டவற்றில் டெலா இனமே முதன்மையானது. தட்டிய கல்லுக்கு மீன் வேறு, பவளம் வேறு என்று தெரியாது. பவளங்கள் நொறுங்குவதாலும், சிறுவர்களை ஆபத்தான இந்த வேலையில் ஈடுபடுத்தியதாலும் பிலிப்பீன்ஸ் நாடு 1986இல் இதைத் தடை செய்தது.

அதைவிடக் கொடியது மீன்வெடி. வெடியின் அதிர்ச்சியில் மீனின் உள்ளேயுள்ள காற்றுப்பை கிழிந்துவிடும். பல மீன்கள் மேலே மிதக்காமல் அடியிலேயே மூழ்கிப்போகும். பவளம் சரளைக் கற்குவியலாகிவிடும். நீரோட்டத்தில் உருண்டுகொண்டே இருக்கும் சரளையின்மேல் புதிய பவளம் வேரூன்ற முடியாது; பாறை மீண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆகும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடிவைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. இருந்தும் சபா கடற்பகுதியில் இந்தப் பழக்கம் அடியோடு ஒழியவில்லை. வெடி வீசுவோர் தேடுவது கூட்டமாக நிற்கும் மீனைத்தான். டெலாவுக்கு இதனால் இரட்டை இழப்பு. கூட்டமும் போகிறது, உறங்கும் இடமும் போகிறது.

சிரம்பானுக்கு இந்தக் கதையில் என்ன பங்கு? விடுமுறை நாளில் தோட்டத்துக் குடும்பங்கள் குளிக்கப் போகும் போர்ட்டிக்சன் கடலில், கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவான் முனையை ஒட்டிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. தியோமான், ரெடாங் தீவுகளைப் போல அங்கே நீர் கண்ணாடியாக இருக்காது. மலாக்கா நீரிணையின் நீர் எப்போதும் சற்றுக் கலங்கியே இருக்கும். கலங்கிய நீரிலுள்ள பாறைகளிலும் டெலாவால் வாழ முடியும் என்பது ஆறுதலான செய்தி. ஆனால், தாங்கிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. மிதவை உயிரிகளை உண்ணும் மீன்கள் இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கின்றன. நீரில் சேறு கூடக்கூட அவை இரையைக் காணும் தூரம் சுருங்குகிறது. பவளத்துக்கும் ஒளி குறைகிறது. படியும் வண்டல் அதை மூடியும் விடுகிறது.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிரம்பான் நகரத்தின் ஊடாக ஓடும் லிங்கி ஆறு, தஞ்சோங் துவானுக்குத் தெற்கே கோலா லிங்கியில் கடலில் கலக்கிறது. மலைச்சரிவில் மரம் வெட்டிய இடம், வீடமைப்புக்காகச் சீர்செய்த நிலம், மறுநடவுக்காக வெறுமையாக்கிய தோட்டம் ஆகியவற்றின் மண் மழையில் கரைந்தால் அது கால்வாய்க்குப் போகும், ஆற்றுக்குப் போகும், பிறகு கடலுக்கே போகும். மறுநடவின்போது தோட்டத்தில் மூடுபயிர்க் கொடிகளை விதைக்கிறார்களே, அது மண்ணைப் பிடித்து வைப்பதற்காக. தோட்டத்துக்காகச் செய்யும் அந்த வேலை, கடலில் சேறு சேர்வதையும் குறைக்கிறது.

கடல் சூடாவது இன்னொரு தொல்லை. நீரின் வெப்பம் அளவுக்கு மீறினால் பவளம் தனக்குள்ளிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010ஆம் ஆண்டில் வெளுப்பு கடுமையானபோது மலேசிய அரசு தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் சில மூழ்குமிடங்களைத் தற்காலிகமாக மூடியது. பவளம் சிதைந்த பிறகும் மீன்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிதைந்த பாறை ஒன்றை ஆராய்ந்தவர்கள், அங்கே மீன்வளம் தொடர்வதற்குத் திறந்த கடலிலிருந்து வரும் மிதவை உயிரிகளே பெருந்துணையாக இருப்பதை 2019இல் கண்டறிந்தனர். வாய்களின் சுவர் நிற்கும் வரையில் உணவு வந்துகொண்டிருக்கிறது. ஆனால், உறங்க இடுக்கும் ஒளிய கிளையும் இல்லாத சமதளமாகப் பாறை தேய்ந்துவிட்டால் அந்தச் சுவர் எத்தனை காலம் நிற்கும் என்பது தனிக் கேள்வி.

மலேசியாவின் பாறைகளை ஆண்டுதோறும் தன்னார்வ மூழ்குநர்கள் கண்காணிக்கிறார்கள். ரீஃப் செக் மலேசியா என்னும் அமைப்பு இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. அளவு நாடாவைப் பாறைமேல் விரித்து, குறிப்பிட்ட சில மீன்களை மட்டும் அவர்கள் எண்ணுகிறார்கள். களவா, கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், இக்கான் மேரா இனம் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. டெலாவுக்கு அதில் இடமில்லை. நாடாவின்மேல் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போதே சில நேரம் மூழ்குநரின் மேல் ஒரு நிழல் விழும். நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான மஞ்சள் வால்கள் நீர் வரும் திசையை நோக்கி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.